லவினா அளந்த கரை

லவினா பிறந்தபோது அவர்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே இரண்டு தெருக்கள் இருந்தன. குமரிக் கரையில் ஒரு சின்ன மீனவ ஊர். அவள் பத்தாம் வகுப்புக்கு வருவதற்குள் முன்தெரு கடலுக்குள் போய்விட்டது. முறையிடப் போனவர்களிடம், "ஆனி ஆடியில கடல் ஏறும், பிறகு இறங்கிடும்" என்றார்கள் அதிகாரிகள். இறங்கவில்லை என்று காட்ட ஊராரிடம் எதுவுமில்லை.

அவளும் தம்பி நோயலும் கூடப் படித்த ஐந்து பேரும் சேர்ந்து அளக்கத் தொடங்கினார்கள். மாதத்தின் முதல் ஞாயிறு, பூசை முடிந்ததும், மாதா கோயில் படியிலிருந்து கரை இடிந்து நிற்கும் விளிம்பு வரை கயிறு பிடித்தார்கள். லவினா அதை நோட்டில் எழுதினாள்.

பிளஸ் டூ முடித்த ஆண்டு அலை இரண்டாம் தெருவையும் தாண்டி வந்து அடுக்களைச் சுவரைப் பெயர்த்தது. அப்பா அவளைக் கோலார் தங்க வயலில் வாழ்க்கைப்பட்டிருந்த தன் தங்கையிடம் அனுப்பினார். ஆண்டர்சன்பேட்டையில் அத்தை வீடு. முதல் சில மாதம் சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டுத் தூசியில் இருமினாள். பிறகு பழகிவிட்டது, கன்னடமும் வந்துவிட்டது. லேப் டெக்னீசியன் படிப்பை முடித்து, மாரிகுப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகத் தொடங்கினாள். நோயல் மாதந்தோறும் போனில் அளவைச் சொல்வான். நோட்டு அவளிடமே இருந்தது.

ஒருநாள் அவன் கூப்பிட்டது அளவு சொல்ல அல்ல.

"அக்கா, வெள்ளிக்கிழமை கடல் அரிப்பப் பாக்க ஆபீசர் வாராரு. நாங்க சொன்னா சின்னப் பயலுவ பேச்சுன்னு தள்ளிருவாவ. நீ நோட்டோட வா."

அத்தைக்கு இது பிடிக்கவில்லை. "இன்னாடி, சேர்ந்து ஆறு மாசங்கூட ஆவல. அதுக்குள்ள லீவா? வேலைய விட்டுத் தூக்கிட்டா இன்னா பண்ணுவ?"

"வேற லேப் பாத்துக்கலாம் அத்தை. அவரு மறுபடி எப்ப வருவாரோ."

வெள்ளிக்கிழமை ஊரில், கோயில் முற்றத்தில் அதிகாரி அவள் கொண்டுவந்த நோட்டைப் புரட்டினார். "மழைக்காலம் முடிஞ்சதும் மணல் திரும்பி வந்திருக்குமே?"

"ஜனவரிப் பக்கங்கள மட்டும் பாருங்க சார்" என்றாள் லவினா.

பார்த்தார். நூற்று அறுபத்தெட்டு அடி. நூற்று நாற்பது. நூற்றுப் பன்னிரண்டு. எண்பத்தொன்று. ஐம்பத்தேழு. அவர் எல்லாப் பக்கங்களையும் போனில் படமெடுத்துக்கொண்டார்.

அலையைத் தடுக்கக் கல்லால் தூண்டில் வளைவு கட்ட உத்தரவு வந்தது. ஆனால் கடலுக்குள் முதல் கல் விழ இன்னும் பதினான்கு மாதம் ஆயிற்று. அதற்குள் லவினாவின் வீடும் பக்கத்துப் பன்னிரண்டு வீடுகளும் போய்விட்டன. கோயிலும் பின்தெருவும் நின்றன.

லவினாவை வேலையை விட்டு யாரும் தூக்கவில்லை. பின்தெருவில் வாடகைக்கு வீடு பிடித்திருப்பதாகவும் திரும்பி வந்துவிடும்படியும் அம்மா போனில் சொன்னாள்.

"இல்லம்மா. வேலை இங்கதான" என்றாள் லவினா. அம்மா கொஞ்சம் அழுதாள். லவினா போனை வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த சனிக்கிழமை ஆதாரில் விலாசத்தை ஆண்டர்சன்பேட்டைக்கு மாற்றப் போனாள். ஊரில் நோயல் அப்பாவோடு வள்ளத்தில் மீன்பிடிக்கப் போக ஆரம்பித்திருந்தான்.