கேட்டுக்கு வெளியே நின்ற அரசர்

கண்டிக்குப் பக்கத்தில் இருக்கும் அம்பிட்டியவில் யாரும் கதவைத் தட்டுவதில்லை. கேட்டுக்கு வெளியே நின்று "கெதர கவுத?" என்று கூப்பிட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். வீட்டில் யார் என்று அர்த்தம். எங்கள் தூத்துக்குடியில் "ஏட்டி, இருக்கியா?" என்ற சத்தம் காதில் விழும்போதே ஆள் அடுப்படிக்கு வந்திருக்கும். இங்கே அந்தக் கேள்வி எனக்கு விசாரணை மாதிரி இருக்கும். அடுத்து எந்த ஊர், எத்தனை நாள் இருப்பாய் என்று கேட்பார்களோ என்று திரைக்குப் பின்னால் நின்றுகொள்வேன். கண்டிக்காரரைக் கட்டி வந்தவள்தான். ஆனாலும் விசாவை வருஷாவருஷம் புதுப்பிக்க வேண்டும். இந்தத் தடவை இன்னும் பதில் வரவில்லை. பூசை முடிந்தால் யாராவது பேச்சுக் கொடுப்பார்கள் என்று மாதா கோயிலுக்குப் போவதைக்கூட நிறுத்தியிருந்தேன்.

அப்போதுதான் பக்கத்து வீட்டு மெர்சி அக்கா வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, "இரிதா ரஜதுமா எனவா நங்கி. தொர வஹன்ட எபா" என்றார். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்குச் சிங்களமும் அரைகுறைதான். ஞாயிற்றுக்கிழமை யாரோ வருகிறார் தங்கச்சி, கதவை மூடாதே. நடுவில் இருந்த 'ரஜ' மட்டும் காதில் ஒட்டிக்கொண்டது. 'ரஜய' என்றால் அரசாங்கம் என்று விசா அலுவலகத்தில் கற்றிருந்தேன். சோதனைக்கு வருகிறார்கள். அக்காதான் போட்டுக்கொடுத்திருப்பார், அதுவும் சிரித்துக்கொண்டே சொல்கிறார். வீட்டுக்காரரோ, "அரசாங்கம் வெள்ளிக்கிழமையே ஒழுங்கா வேல செய்யாது புள்ள. ஞாயித்துக்கிழம எங்க வரப்போகுது?" என்றார். அவர் வேலை பார்க்கும் அக்குறணைக் கடைக்கு ஞாயிறு லீவு இல்லை. போய்விட்டார்.

ஜன்னலையும் சாத்திவிட்டு, பாஸ்போர்ட் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதலில் மணிச் சத்தம். பிறகு பாட்டு, சிங்களத்தில் ஒன்று, தமிழில் ஒன்று. திரையை விலக்கினால், என் கேட்டடியில் வெள்ளைத் துணி விரித்த மேசை, அதில் விளக்கு. மெர்சி அக்காவின் வேலை. இயேசுவே இருப்பதாக நாங்கள் நம்பும் நற்கருணை அப்பத்தைக் கையில் ஏந்திப் பங்குச் சாமியார் நின்றார். கிறிஸ்து அரசர் திருவிழா. அக்கா சொன்ன 'ரஜதுமா' இந்த அரசர்தான். ஊரில் ஒரு வருஷமும் தவறவிடாத எனக்கு அது மறந்தே போயிருந்தது.

அரசர் என்றாலே எனக்குச் சின்ன வயதில் ஜீப்பில் வரும் தாசில்தார்தான். பட்டா எங்கே என்று கேட்பார். அம்மா வாசலில் கைகட்டி நிற்பாள். கிறிஸ்துவும் மேலேயிருந்து கணக்குக் கேட்க வருகிறவர் என்றே பயந்து முழங்காலிட்டிருக்கிறேன். அன்றைக்கும் கூட்டத்தில் அதிகாரி யாராவது இருக்கிறாரா என்றுதான் முதலில் பார்த்தேன். ஒருவரும் கேட்டைத் தள்ளவில்லை. "கெதர கவுத?" என்று அக்கா கூப்பிட்டார். பிறகு எல்லாரும் காத்து நின்றார்கள், அரசரும். சிலுவைத் தீர்ப்புச் சொன்ன பிலாத்து அவரையும் எங்கிருந்து வந்தவன் என்றுதானே விசாரித்தான் என்று நினைவு வந்தது. அவர் பதில் சொல்லவில்லை. முள்முடியோடு நின்றவருக்கு இந்த உலகத்து அரசாங்கம் ஒன்றும் அத்தாட்சி கொடுக்கவில்லை. கதவை உடைத்து உள்ளே வரக்கூடியவர், திறக்கும்வரை நிற்கிறார். அதுதான் அவருடைய அரசு என்றால், எனக்கு இத்தனை நாள் வேறு யாரையோ கண்டுதான் பயம்.

திறந்தேன். பையைக் கக்கத்தில் இடுக்கியபடியே முழங்காலிட்டேன். ஊரில் பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி "வாங்க ராசா" என்றுதான் வாயில் வந்தது. "ரஜதுமா ஆவா நேத?" என்றார் அக்கா. அரசர் வந்துவிட்டார் இல்லையா என்று. தலையாட்டினேன்.

விசாவுக்கு இன்னும் பதில் இல்லை. வாசலில் யாராவது கூப்பிட்டால் இப்போதும் திரைக்குப் பின்னால்தான் முதலில் நிற்கிறேன், ஒரு கை பையிலும் ஒரு கை தாழ்ப்பாளிலுமாக.