டைரக்டர் கேட்ட அழுகை

எங்கள் தெருவில் அவரை எல்லோரும் டைரக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். பகலில் ஆபீஸ் குமாஸ்தா, சாயங்காலம் கழுத்தில் சால்வையோடு நாடகக் குழு நடத்துவார். மெட்ராஸில் சினிமாவுக்குக் கூப்பிட்டும் போகவில்லை என்பார். யார் கூப்பிட்டார்கள் என்று யாரும் கேட்டதில்லை. வருஷா வருஷம் ஒரே கதைதான், தலைப்பு மட்டும் மாறும். எல்லாவற்றிலும் ஓர் ஏழைத் தாய் உண்டு. அவளைவிட ஜாஸ்தியாக அவர் படுதா ஓரத்தில் நின்று அழுவார்.

என் கணவருக்கு அதில் போலீஸ்காரர் வேஷம். அந்த வருஷம் கார்த்திகை தீபத்துக்கு இரண்டு நாள் நாடகம். ஏழைத் தாய்க்கு நிஜமான கைக்குழந்தை வேண்டும் என்றார் டைரக்டர். எங்கள் பெண்ணுக்கு ஐந்து மாதம்.

"மூணு மணிக்கு மேல பால் குடுக்காதம்மா. ஆறரைக்கு சீன். கரெக்டா அழும்."

"பச்சக் குழந்தைங்க சார்."

"கலைன்னா கொஞ்சம் கஷ்டம் இருக்கத்தாம்மா செய்யும்."

யாருடைய கஷ்டம் என்று சொல்லவில்லை. கணவரைப் பார்த்தேன். அவர் போலீஸ் தொப்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் பி.யு.சி. படித்தவள். ஆனாலும் பெரியவர் சொல்கிறாரே, நான்தான் வீணாகப் பயப்படுகிறேனோ என்று முதல் நாள் பால் கொடுக்கவில்லை.

குழந்தை மேடையில் வீறிட்டது. ஜனம் கை தட்டியது. டைரக்டர் வெளியே வந்து கும்பிட்டார், ஏதோ தானே அழுததைப் போல. படுதாவுக்குப் பின்னால் என் ரவிக்கை பாலில் நனைந்து கிடந்தது.

மறுநாள் ஆறு மணிக்கு, உடுப்புப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து வயிறு நிறையக் கொடுத்தேன். நாடகத்தைக் கெடுக்கிறோமோ என்று தோன்றியது. ஆனாலும் நிறுத்தவில்லை.

"பசியில் துடிக்கிறாயே கண்ணே!" என்று மேடையில் ஏழைத் தாய் கதறினாள். குழந்தை அசையவில்லை.

முன்வரிசைப் பெண் ஒருத்தி, "நல்லாத் தூங்குது, கத்தி எழுப்பிடாதம்மா" என்றாள். கூட்டம் முழுக்கச் சிரித்தது.

டைரக்டர் என்னிடம் வந்தார். "பால் குடுத்தியா?"

"குடுத்தேன் சார்."

"எத்தினி வருஷ உழைப்பு தெரியுமா?"

"குழந்தைக்கு அஞ்சு மாசம் சார்."

சால்வையை உதறிக்கொண்டு போனார். அடுத்த வருஷம் ரப்பர் பொம்மை வைத்து, அழுகைக்குத் தானே படுதாவுக்குப் பின்னால் நின்று கத்தினார். இத்தனை வருஷத்தில் அவருக்குப் பொருந்திய வேஷம் அது ஒன்றுதான். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் மடியில் இருந்தவளிடம், "பசிக்குதாடி?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் சிரித்தேன்.