அறுக்காமல் விட்ட ஸ்டியரிங்

உதியன்குளங்கரைக்கும் பாறசாலைக்கும் நடுவில் எந்த வண்டி மோதினாலும் போலீசுக்கு அடுத்து போன் போவது பொன்னையனுக்குத்தான். ரெக்கவரி வண்டி ஓட்டத் தொடங்கி பத்தொன்பது வருடம். நசுங்கிய காரை இழுத்து வந்து தன் பட்டறையில் போடுவார். போலீஸ் வழக்கு முடிந்ததும் பழைய இரும்புக்காரன் வந்து அள்ளிப் போவான். ஆறாம் வகுப்போடு நின்ற படிப்பு, முரட்டு வாய். ஆனாலும் ஒரு வழக்கம் உண்டு. ஆள் செத்த வண்டி என்றால் முதலில் ஸ்டியரிங்கைக் கழற்றி, கேஸ் கட்டரால் இரண்டாக அறுத்துவிட்டுத்தான் மற்றதைத் தொடுவார். செத்தவன் கடைசியாகப் பிடித்ததை இன்னொருத்தன் பிடிக்கக் கூடாது. செத்தவரின் வீட்டுக்காரர்கள் வந்து "அறுத்தாச்சா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போவார்கள்.

பெருங்கடவிளைச் சந்தையில் வாழைக்குலை வியாபாரம் செய்த மோகனன் லாரியில் மோதிச் செத்தபோது, அவன் ஓட்டிய பழைய காரையும் பொன்னையன்தான் இழுத்து வந்தார். ஸ்டியரிங்கில் பச்சையும் மஞ்சளுமாக நைலான் வயர் பின்னியிருந்தது. மோகனனின் மகள் லேகா பின்னிக் கொடுத்தது. அறுக்கப் போன நேரம் சிலிண்டரில் கேஸ் தீர்ந்தது. நாளைக்கு ஆகட்டும் என்று பழைய சாமான் குவியலில் எறிந்தார். மறுநாள் காலையிலேயே லேகா வந்து கேட்டாள்.

"அறுத்தாச்சு மக்கா."

சாயங்காலம் அறுத்துவிடலாம் என்று நினைத்துத்தான் அப்படிச் சொன்னார். மறந்தே போனார்.

எட்டு மாதம் கழித்து, ஜங்ஷனில் ஜவுளிக்கடையின் மாடியில் வீடியோ கேம் கடை திறக்கப்போகிற ஷிபு, கார் விளையாட்டில் மாட்ட ஒரு பழைய ஸ்டியரிங் கேட்டு வந்தான். ஜீப்புக்கு அடியில் கிடந்த பொன்னையன் தலையைக்கூட நீட்டவில்லை. "அந்தக் குவியல்ல கெடக்கு. எடுத்துட்டுப் போலே."

திறப்பு நாளன்று மத்தியானம் ஷிபு போன் செய்தான். விளையாடுகிறவர் உட்காரும் சீட்டின் கால் ஆடுகிறது, வெல்டிங் வைக்க வேண்டும், நாலு மணிக்குத் திறப்பு.

போய் வெல்டிங் வைத்தார். நிமிர்ந்தால் எதிரே ஆள் உயரத் திரை. அதில் ஒரு கார் பறந்துபோய் பஸ்ஸில் மோதியது. கண்ணாடி சிதறுவதை மெதுவாக, ஏதோ பூ தூவுகிற மாதிரி, திருப்பித் திருப்பிக் காட்டினார்கள். மேலே எண் ஏறியது. ஒரு பெண் குரல் "போனஸ்!" என்று கத்தியது.

"முட்டாம ஓட்டினா பாயிண்ட் கெடையாது அண்ணா," என்றான் ஷிபு. "பஸ்சுல முட்டணும். நாலு வண்டிய சேத்து முட்டினா டபுள் ஆக்கும். அடிபொளி சாதனம்!"

"உள்ள இருந்தவன் எங்கலே?"

"ஆளே இல்ல அண்ணா. வண்டி மட்டும்தான்."

பொன்னையன் மறுபடி திரையைப் பார்த்தார். ரத்தம் இல்லை. ஒற்றைச் செருப்பு இல்லை. சீட்டுக்கு அடியில் செத்தவனின் போன் விடாமல் அடித்துக்கொண்டிருப்பது இல்லை. எல்லாவற்றையும் கழுவித் துடைத்துவிட்டு, மோதலை மட்டும் இனிப்புப் பண்டம் மாதிரி எடுத்து வைத்திருக்கிறார்கள்.

அப்போதுதான் ஸ்டியரிங்கைப் பார்த்தார். பச்சை, மஞ்சள் நைலான் வயர்.

மோகனனுடையது. அறுக்காமல் விட்டது தான்தான். லேகா கீழே இதே ஜவுளிக்கடையில்தான் பில் போடுகிறாள்.

"ஆருலே மொதல்ல ஓட்டுறது?"

"கீழ பில்லிங்ல நிக்கிற பிள்ளைகள்தான். எல்லாரையும் விளிச்சாச்சு."

பொன்னையன் ஸ்பேனரை எடுத்தார். ஷிபு கையைப் பிடித்தான். "எந்தா அண்ணா, நல்ல கிரிப்பு உள்ளதாக்கும்!"

"வேற தாறேன். இது செத்தவன் பிடிச்சது."

ஷிபுவின் முகம் மலர்ந்தது. "உள்ளதா? அத எழுதி ஒட்டினா ஆளு கூடுமே!"

பொன்னையனுக்குக் காறித் துப்ப வந்தது. தரை புதுசு என்பதால் விழுங்கிக்கொண்டார். "கைய எடு. இல்லேன்னா உன் மண்டையில போனஸ் போடுவேன்."

கழற்றிக்கொண்டு, லேகா கண்ணில் படாமல் போய்விட வேண்டுமென்று பின்பக்கப் படியில் இறங்கினார். அங்கேதான் அவள் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தாள். முதலில் வயரைப் பார்த்தாள், பிறகு அவரை.

"அச்சனுக்க ஸ்டியரிங் இல்லியா? அறுத்தாச்சுன்னு சொன்னியளே மாமா."

இன்னொரு பொய் நாக்கு வரைக்கும் வந்தது. "பொய் சொன்னேன் மக்கா. அண்ணைக்கு கேஸ் தீந்து போச்சு. பின்ன மறந்துட்டேன். மேல அந்த முட்டுற விளையாட்டுல மாட்டி வச்சிருந்தான். நான்தான் எடுத்துட்டுப் போகச் சொன்னேன்."

அவள் திட்டியிருந்தால் தேவலை. டிபன் பாத்திரத்தை மூடினாள். "இப்ப இத அறுக்க கையில ஒண்ணும் இல்லியா?"

வண்டியில் இரும்பு அறுக்கிற ரம்பம் கிடந்தது. இறுக்கிப் பிடிக்க வைஸ் இல்லை. லேகா படியில் உட்கார்ந்து, வளையத்தை முழங்காலுக்கு நடுவில் வைத்து இரண்டு கையாலும் பிடித்தாள்.

"அசையாம பிடி."

முதலில் வயர் அறுந்து சுருண்டது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், கையை எடுக்கவில்லை. இரும்பு நேரம் எடுத்தது. ஒரு பக்கம் அறுந்து முடிந்தபோது மாடியில் அந்தக் கார், ஸ்டியரிங்கே இல்லாமல், தானாகப் போய் எதிலோ மோதுகிற சத்தம் கேட்டது. "போனஸ்!" என்றது பெண் குரல்.

பொன்னையன் மண்ணில் காறித் துப்பிவிட்டு மறுபக்கத்தில் ரம்பத்தை வைத்தார்.