தூணில்லாத மண்டபமும் சப்பரமும்

கூரை வடிவமைக்கிற வேலையில் ஒரு சங்கடம் உண்டு: நாம் வாய் திறக்குமுன்பே எதிரில் இருப்பவர், கூரை தலையில் விழுமோ என்று அண்ணாந்து பார்த்துவிடுவார். இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்ட சகாக்களே, உங்களுக்கு இது புதிதல்ல.

நடுவில் ஒரு தூண்

முட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கடலோர ஊரில் தேவாலயத்துக்கு மண்டபம். அறுபதடி அகலம், நடுவில் தூண் கூடாது. உப்புக்காற்றில் இரும்பு பொரிந்து உதிர்வதைப் பார்த்தவர்கள் என்பதால் கூரை மரத்தில்தான் என்று முடிவாயிற்று. கமிட்டித் தலைவர் சேவியர் அண்ணனுக்கு மட்டும் பயம். அங்கே நடக்கப்போகும் முதல் விருந்தே அவர் மகளின் கல்யாண விருந்துதான். வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஒரே ஒரு தூணு வச்சிருவமா மேடம்? எனக்கும் உறக்கம் வரணும்லா?”

ஒன்று போனால்

அவருக்காக ஈர்க்குச்சியில் கூரை கட்டிக் காட்டினேன். முக்கோணச் சட்டங்கள் வரிசையாக நிற்கும். குறுக்கு மரங்கள் அவற்றை ஒன்றோடொன்று பிணைத்திருக்கும். ஒன்றைக் கறையான் தின்றாலும், சரிசெய்யும்வரை அதன் பாரத்தைப் பக்கத்துச் சட்டங்கள் வாங்கிக்கொள்ளும். சொல்லிக்கொண்டே ஒரு குச்சியை உருவினேன். கூரை நின்றது. எனக்கு ஒரே பெருமை. அண்ணனின் முகமும் தெளிந்தது.

“அப்ப ஒண்ணு சும்மாத்தான் நிக்கு, இல்லியா?”

சப்பரம்

கூரை ஏறிவிட்டது. கல்யாணத்துக்கு முந்தின வாரம் ஊர்த் திருவிழா. திடீரென்று மழை பிடித்துக்கொள்ள, ஊர்வலம் வந்த சப்பரம் நனையக் கூடாதென்று மண்டபத்துக்குள் தள்ளியிருக்கிறார்கள். அதன் உச்சியிலிருந்த சிலுவை, முதல் சட்டத்தின் அடிமரத்தில் இடித்தது. சிலுவையைக் கழற்ற ஒருவருக்கும் மனம் வரவில்லை. அடிமரத்தை அறுத்துவிட்டார்கள்.

சாய்வு மரங்கள் இரண்டும் விலகாமல் இழுத்துப் பிடிப்பதே அந்த அடிமரம்தான். போனில் சேதி கேட்டதும் விழுந்தடித்து ஓடினேன். முதல் சட்டம் லேசாகத் தொய்ந்திருந்தது. பக்கத்துச் சட்டம் பாரத்தை வாங்கிக்கொண்டு நின்றது. ஒரு ஓடுகூட விழவில்லை. எல்லோரையும் வெளியே விரட்டி, முட்டுக் கொடுக்க ஏற்பாடு செய்துவிட்டு, சேவியர் அண்ணனிடம் சத்தம் போட்டேன். அவர் குடையைப் பிடித்தபடி சாந்தமாகக் கேட்டார்:

“ஒண்ணு போனாலும் நிக்கும்னு நீங்கதானே மேடம் சொன்னிய?”

விருந்து

புது அடிமரம் போட்டோம். சப்பரத்துச் சிலுவையை மடக்கி நிமிர்த்தக் கீல் வைத்தோம். முட்டுகளை எடுத்தபோது கூரை அசையவில்லை. கல்யாணத்தன்று வெளியே மழை கொட்டியது, உள்ளே ஊரே உட்கார்ந்து சாப்பிட்டது. ஒருவர்கூட அண்ணாந்து பார்க்கவில்லை. எனக்கு அதைவிடச் சந்தோஷம் வேறில்லை. சேவியர் அண்ணன் என் இலையில் இன்னொரு துண்டு மீன் வைக்கச் சொல்லிவிட்டு, காதருகே குனிந்தார்.

“இனி எதுன்னாலும் கேட்டுட்டுதான் அறுப்போம் மேடம்.”

கூரையை எவ்வளவு வலுவாக வேண்டுமானாலும் கட்டுங்கள் சகாக்களே, அந்த வலுவைப் பற்றிக் கமிட்டியிடம் மட்டும் வாய் திறக்காதீர்கள்.