சாராயத்தில் ஓடிய கார்

யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைப்பது நின்றுபோனதும் எங்கள் காரைக் கரும்பு வண்டிகளோடு சேர்த்துக் கொட்டகையில் தள்ளி வைத்தோம். வில்லியனூருக்கு மேற்கே எங்கள் வீடு. என் வீட்டுக்காரருக்கு வயலைவிட அந்தக் கார் மேல்தான் கவனம். யாரும் சொல்லிக்கொடுக்காமல் தானே பிரித்துத் தானே பூட்டுவார். பூட்டிய பிறகு இரண்டு திருகாணி மிச்சமிருக்கும். அதற்கும் ஒரு காரணம் சொல்வார்.

சாராயத்திலும் எஞ்சின் ஓடும் என்று யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் எங்கள் பக்கம் சாராயத்துக்குப் பஞ்சமில்லை. கடைச் சரக்கில் தண்ணீர் கலந்திருக்கும் என்று, காய்ச்சும் இடத்திலேயே ஆள் பிடித்து முதல் வடிப்பாக வாங்கி வந்தார். பிறகு கார்புரேட்டரைக் கழற்றி என் அடுப்பங்கரைக்குக் கொண்டுவந்தார். வெளிச்சம் அங்கேதான் நன்றாக விழுகிறதாம். சாராயம் அதிகமாக இறங்க வேண்டும் என்று அதன் துளையைக் குடைந்து பெரிதாக்கினார். உள்ளே தக்கையில் செய்த மிதவை ஒன்று இருந்தது. எண்ணெய் நிறைந்ததும் அது எழும்பி வழியை அடைத்துவிடும் என்று எனக்குக் காட்டினார். அதன் மேல் அரக்கு பூசியிருந்தது.

"இது கெளம்புமா?" என்றேன்.

"மொதல்ல கொஞ்சம் பெட்ரோல் உட்டு சூடாக்கணும். அப்பறம் சரக்குலயே ஓடும் பாரு."

ஓடத்தான் செய்தது. தேர் வீதியைச் சுற்றிவிட்டு வந்தார். தெருவே சாராய நெடி அடித்தது. எனக்கும் உள்ளூரப் பெருமைதான்.

பாகூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்ட என் நாத்தனாருக்கு வளைகாப்பு வந்தது. என் மாமனார் மாமியார் உயிரோடு இல்லாததால் சீர் கொண்டுபோக வேண்டியவர்கள் நாங்கள்தான். மாட்டு வண்டி கட்டலாம் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்கவில்லை. வளையல் கூடை, பழத்தட்டுகளோடு காரில் ஏறினோம்.

வழியில் கொஞ்ச தூரம் இங்கிலீஷ்காரர் பகுதி. அங்கே சுங்கச் சாவடிக் காவலர் கையைக் காட்டி நிறுத்தினார். அருகில் வந்ததுமே மூக்கைச் சுளித்தார்.

"இன்னாங்க, வண்டில சரக்கு கீதா?"

"கீது. டேங்க்ல," என்றார் என் வீட்டுக்காரர்.

காவலர் மூடியைத் திறந்து முகர்ந்தார். "இது காருக்கா, ஊருக்கா?"

"காருக்குத்தாங்க. பெட்ரோல் எங்க கெடைக்குது?"

"அப்ப கெளப்பிக் காட்டுங்க, பாக்கலாம்."

இவர் இறங்கி எஞ்சின் மூடியைத் திறந்தார். கார்புரேட்டரிலிருந்து சாராயம் ஒழுகி மண்ணில் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஏங்க, கீழ ஒழுவுதே," என்றேன்.

"அது ஒண்ணுமில்ல," என்று முன்னால் போய் எஞ்சினைக் கிளப்பும் கம்பியைப் போட்டுச் சுழற்றினார். 'டப்' என்று ஒரு சத்தம். எஞ்சின் எடுக்கவில்லை. என்ன ஆயிற்று என்று பார்க்க உள்ளே கையை விட்டவர் அப்படியே வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். முன்கை மயிர் சுருண்டு பொசுங்கியிருந்தது.

"நெருப்பு," என்றார்.

"எங்க நெருப்பு?" என்றார் காவலர். உச்சி வெயில். தீயும் தெரியவில்லை, புகையும் இல்லை. மூடியின் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியபோதுதான், சாராயத் தீ வெயிலில் கண்ணுக்குத் தெரியாது என்று மூவருக்கும் புரிந்தது. நான் கூடையோடு குதித்தேன். சாவடி வாசலில் இருந்த குடிதண்ணீர்ப் பானையைத் தூக்கி அப்படியே எஞ்சின் மேல் கவிழ்த்தேன். காவலர் மண்ணை வாரி வாரிப் போட்டார். ஒருவழியாக அடங்கியது.

காவலர் கை மண்ணைத் தட்டிக்கொண்டார். பிறகு, "கடத்தல்னு எழுதினா என்னப் பாத்துத்தான் சிரிப்பாங்க. மிச்சத்த என் கண்ணு முன்னால மண்ணுல ஊத்துங்க," என்றார். ஊற்றினோம்.

பக்கத்து ஊரில் மாட்டு வண்டி ஒன்று பிடித்துக் கொடுத்ததும் அவர்தான். போகும் வழியில்தான் கவனித்தேன். இவருடைய வலது கை புறங்கையெல்லாம் வெந்திருந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நல்ல நேரம் தாண்டிவிட்டது. ஆனாலும் என் நாத்தனார் தாய்வீட்டு வளையலைத்தான் முதலில் போடுவேன் என்று மணையில் உட்கார்ந்தபடியே இருந்தாள். அண்ணன் கையைப் பார்த்ததும் அழுதுவிட்டாள்.

பிறகு காரை எருதுகள் இழுத்து வந்தன. இடது கையாலேயே கார்புரேட்டரைப் பிரித்துப் பார்த்தார். சாராயம் அரக்கைக் கரைத்து, தக்கை ஊறிப்போய், வழியை அடைக்காமல் அடியில் கிடந்தது. அரக்குக்குப் பதிலாக வேறு என்ன பூசலாம் என்று என்னிடம் கேட்டார்.

"மொதல்ல கை ஆறட்டும்," என்றேன்.

கை ஆற வெகுநாள் பிடித்தது. சுண்டுவிரல் கடைசிவரை முழுதாக மடங்கவில்லை. யுத்தம் முடிந்து பெட்ரோல் வந்த பிறகும் அந்தக் கார் ஓடவில்லை. எஞ்சினை மட்டும் கழற்றிக் கிணற்றடியில் தண்ணீர் இறைக்கப் பொருத்தினார். அதில் அவர் எதையும் மாற்றிவிடாமல் பார்த்துக்கொள்ள, நான் பக்கத்திலேயே நிற்க வேண்டியிருந்தது.