அரை ஆளின் சாவு

மலேசியாவில் ஈப்போவுக்கு வெளியே, எப்போதோ மூடப்பட்ட ரப்பர் தோட்டத்தின் லயத்தில், தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளில், இன்னும் குடும்பங்கள் இருக்கின்றன. தோட்டம் கைமாறியபோது போக்கிடம் இல்லாமல் அங்கேயே தங்கிவிட்டவர்கள். பிரமிளாவும் அவர்களில் ஒருத்தி. விடிவதற்குள் எழுந்து, கையுறைத் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் வேனை ஓட்டுவாள். திரும்பி வந்ததும் புருஷன் தர்மாவைத் தூக்கி உட்காரவைத்துக் குளிப்பாட்டிச் சோறு ஊட்டுவாள். பக்கவாதம் வந்ததிலிருந்து அவருக்கு வலது பக்கம் அசைவதில்லை.

லயத்துக்கு மேலே மலையிடுக்கில் பழைய அணை ஒன்று இருந்தது. போன மழைக்காலத்தில் அதன் சுவரில் நீர் கசிந்ததும், அதை நடத்தும் நிறுவனம், தோட்ட நிலத்தையும் வாங்கியிருந்த அதே நிறுவனம், ஆய்வு செய்து, முடிவைச் சொல்ல ஊர் மண்டபத்தில் கூட்டம் போட்டது. விளக்க வந்தவன் யுகேந்திரன் என்ற இளம் பொறியாளன். அணை உடைந்தால் தண்ணீர் எங்கே பாயும் என்று திரையில் காட்டினான். கீழே உள்ள புதுத் தாமான் குடியிருப்பில் சைரன் வைப்பார்களாம். அது ஊதினால் பெரும்பாலோர் தப்பிவிடுவார்கள், சூத்திரப்படி சாவு அரை ஆளைத் தாண்டாது என்றான்.

பிரமிளா திரையில் தன் வீட்டைத் தேடினாள். லயம் இருந்த இடம் வெறும் பச்சையாக இருந்தது. தோட்டம் மூடிவிட்டதால் பதிவில் அங்கே ஆளே இல்லை என்றான் அவன். அவள் எழுந்து நின்றாள்.

"அரை ஆளு எப்படி தம்பி சாவாரு? எங்க வீட்டுல ஒருத்தரு பாதி உடம்பு செத்துப் படுத்திருக்காரு. அவரா?"

"அது சராசரி, அக்கா," என்றான் யுகேந்திரன்.

"சராசரியத் தூக்கிட்டு ஓட வேணாம் லா. எம் புருஷன நான் தூக்கணும்."

அவன் மறுநாளே லயத்துக்கு வந்து வீடு வீடாகப் பார்த்தான். கணக்கைத் திருத்தி, அங்கேயும் சைரன் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தான். நிறுவனம் லயத்துக்கு அனுப்பியதோ வேறோர் அறிவிப்பு: இது ஆபத்தான இடம், அனுமதியில்லாமல் குடியிருப்பவர்கள் காலி செய்ய வேண்டும்.

"செத்தாலும் கணக்குல இல்லன்னாங்க. இப்ப உசுரோட இருக்கோம்னு தெரிஞ்சதும் தொரத்துறாங்க," என்று அவள் பல்லைக் கடித்தாள்.

அடுத்த விடுமுறை நாளில் லயத்து ஆட்களையும் தர்மாவையும் வேனில் ஏற்றிக்கொண்டு ஈப்போவில் இருந்த நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போனாள். சக்கர நாற்காலியை வரவேற்பறை நடுவில் நிறுத்திவிட்டு, மேலாளரை வரச் சொன்னாள். அவர் வெளியே போகச் சொன்னபோது, இவரை நீங்களே தூக்கிக்கொண்டு போங்கள் என்று ஒதுங்கி நின்றாள். அலுவலகக் காவலாளிகள் இருவர் தூக்கினார்கள். முதல் படியிலேயே தடுமாறி, அவரைத் திரும்ப நாற்காலியில் வைத்தார்கள். தர்மா வாய் கோணியபடி அழுதார். யாரோ அதைப் படமெடுத்து வெளியிட, சில வாரங்களில் லயத்து முனையில் சைரன் கம்பம் எழுந்தது.

காலி செய்யச் சொன்னதை மட்டும் அவர்கள் திரும்பப் பெறவில்லை. வழக்கு நடக்கிறது. பிரமிளா ஒவ்வொரு விசாரணைத் தவணைக்கும் வேலைக்கு விடுப்புப் போட்டு, வேன் நிறைய ஆட்களோடு போய் நீதிமன்றத்தின் முன்வரிசையில் உட்கார்ந்துகொள்கிறாள். நிறுவனத்தின் வழக்கறிஞர் அவள் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்க்கிறார்.