கத்திக்குக் கிடைத்த ஓய்வு

"…கத்திக்குக்கூட இன்னிக்கி ஓய்வுங்கறீங்க. பொட்டு வச்சு, பூ வச்சு, யாரும் தொடக்கூடாதுங்கறீங்க. எனக்கு மட்டும் எந்தச் சாமிங்கய்யா வேலை போட்டிச்சு?"

இப்படிப் பெரிய கங்காணியைப் பார்த்து, அத்தனை பேர் நடுவில் கேட்டவள் என் பக்கத்துக் காம்பராக்காரி. லயம் என்கிற வரிசை வீட்டில் அவள் இருந்த அறைக்கும் நான் இருந்த அறைக்கும் நடுவே ஒரு மண்சுவர்தான். அந்தச் சுவரும் கூரையைத் தொடாது. அவள் வீட்டில் உப்புத் தீர்ந்தால் என் வீட்டுக்குக் கேட்கும். என் வீட்டில் சண்டை வந்தால் அவள் அங்கிருந்தே தீர்ப்புச் சொல்வாள். அவள் அன்றைக்குக் கேட்டது வாய்த்துடுக்கு என்று சொன்னவர்கள் உண்டு. இன்றைக்கும் அப்படியே சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் உண்டு. அவர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்களும் கேட்டால் எனக்கு நட்டமில்லை.

லுணுகலைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம். பதுளைக்கு ரயில் வராத காலம். அந்த வருஷம் மழை பிடித்தபோது அவளுடைய பெண் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. அப்போதுதான் நடை பழகியிருந்த குழந்தை. தோட்டத்து மருந்துக்காரர் கொயினா கொடுத்தார், கசக்கிறது என்று குழந்தை துப்பிவிட்டது. பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகலாம் என்றால் மண் சரிந்து வண்டிப் பாதை மூடிக் கிடந்தது. ஊர்ப்பட்ட மருந்தெல்லாம் பார்த்து ஓய்ந்துபோய், ஒரு விடியற்காலையில் அவள் ஒரு நேர்த்தி வைத்தாள். சுவர்தான் கூரையைத் தொடாதே, எனக்கும் கேட்டது.

"என்கிட்ட கோழியில்ல, ஆடில்ல. இந்தக் கையி ரெண்டுதான் இருக்கு. எம்புள்ள பொழச்சா, ஒரு நாளு முழுக்க இந்தக் கைய உனக்குக் குடுத்துர்றேன். ஒரு வேலையும் தொட மாட்டேன். ஒன் முன்னாடி குந்தியிருப்பேன்."

வெயில் ஏறுவதற்குள் குழந்தைக்கு வியர்த்தது. கஞ்சி கேட்டது.

"எந்தச் சாமிக்குடி நேந்த?" என்று கேட்டேன்.

"பேரு சொல்லலக்கா. அந்நேரத்துக்கு எது முழிச்சிருந்திச்சோ அதுக்கு."

லயத்துப் பெண்கள் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். "மொட்டை போடுறது நேத்தி, தீ மிதிக்கிறது நேத்தி. குந்தியிருக்கிறது என்னாடி நேத்தி? சோம்பேறி நேத்தி!" என்றாள் ஒருத்தி. எனக்கு அப்போதே பொறுக்கவில்லை. இருட்டோடு வேலைக்குக் கூப்பிடத் தப்பு மேளம் அடிக்கிறது. இவள் ரொட்டி தட்டி வைத்துவிட்டு, ஆள் எண்ணுகிற பெரட்டுக்கு ஓடுகிறாள். பிந்தினால் வீட்டுக்கு விரட்டுவார்கள், அன்றைய பேரும் கூலியும் போய்விடும். பொழுது சாயும்வரை மலையில் கூடையும் முதுகுமாக நிற்கிறாள். இறங்கி வந்தால் ஊற்றுப் பீலியில் தண்ணீர் பிடிக்க வேண்டும், விறகு உடைக்க வேண்டும், அரைக்க வேண்டும், ஆக்க வேண்டும். ஆட்டுக்காரன் ஆட்டைக் கொடுக்கிறான், பத்து ஆட்டில் ஒன்று போனால் ஒன்பது மிச்சம். இவளோ தன்னிடம் இல்லவே இல்லாத ஒன்றைச் சாமிக்குச் சொல்லியிருக்கிறாள். எது பெரிய நேர்த்தி? நீங்களே சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில் வேலை கிடையாது என்று பெயர். பெயர்தான். அந்த ஞாயிறு தப்பு அடித்துவிட்டது. மழைக்குப் பிறகு கொழுந்து தளதளவென்று வந்து நின்றது.

"ஐயா, இன்னிக்கி ஞாயித்துக்கெழமைங்க" என்றாள் பெரிய கங்காணியிடம்.

"ஒனக்குத் தெரியுது. கொழுந்துக்குத் தெரியணுமே! போ, கூடைய எடு."

சிரித்தார்கள். பெரிய கங்காணியின் பேச்சு என்றால் நாலு தோட்டத்துக்கு நடக்கும். நானே பலதை ரசித்திருக்கிறேன். இதை ரசிக்க முடியவில்லை. நாங்கள் மலை ஏறிக்கொண்டிருக்கும்போது கீழே பாதையில் துரை வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாகக் குதிரையில் பதுளைக்குப் போனார், அவர்களுடைய கோயிலுக்கு. ஞாயிற்றுக்கிழமை பங்களாப் பக்கம் மரம் வெட்டக்கூடாது, உலக்கை போடக்கூடாது என்று கட்டளை. அவர் சாமிக்கு இரைச்சல் ஆகாதாம். கூடையில் கொழுந்து விழுவதற்குச் சத்தம் இல்லை பாருங்கள், அதனால் அது பாவத்தில் சேரவில்லை. நிரை பிடித்து நின்றபடி நான் இதைச் சொன்னபோது அவள் சொன்னாள்: "விடுக்கா. அவரு சாமி குதிரையில போயி பாக்குற சாமி. எஞ்சாமிக்கு நடந்துதான் வரணும்."

அடுத்தது ஒரு வேலையில்லாத ஞாயிறு, நிசமாகவே வேலையில்லாத ஞாயிறு. அரிசி போடுகிற நாளும் அதுதான். சாக்கைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்று, அரிசி வாங்கி வந்து, கல் பொறுக்கி, துணி துவைத்து, சாணி போட்டு வீட்டை மெழுகி, குழந்தைக்குத் தலைக்கு ஊற்றி முடிக்க மதியம் ஆயிற்று. நாள் முழுக்க என்று நேர்ந்தது பாதி போயிற்றே என்று புலம்பிக்கொண்டுதான், மிச்சத்தையாவது கொடுப்போம் என்று மாரியம்மன் கோயிலுக்குப் போய் வாசலில் உட்கார்ந்தாள். உள்ளே அவளுடைய புருஷன் மத்தளம் வாசித்துக்கொண்டிருந்தான். காலையில் போனவன். குடிக்கிறவன் இல்லை, அடிக்கிறவன் இல்லை, தங்கமான மனுஷன். என் கோபமே அதுதான். கெட்டவன் என்றால் ஏசித் தீர்த்துவிடலாம்.

மத்தளத்தை வைத்துவிட்டு வெளியே வந்தவன், "என்னா புள்ள, இங்க குந்திக்கிட்டிருக்க? அடுப்புல பூனை தூங்குது" என்றான்.

"நேத்தி மச்சான். மறந்திட்டீங்களா?"

"நேத்திய பொறகு வச்சிக்க. காலையிலருந்து அடிச்சு கையி ஓஞ்சு போச்சு. சோத்தப் போடு வா."

அவள் எழுந்து போனாள். கை ஓய்ந்தது அவனுக்காம்! அவன் மத்தளம் அடித்தால் சாமி காரியம், அவள் உட்கார்ந்தால் பூனை தூங்குகிறதாம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க வேண்டும் என்பார்கள். எங்கள் தோட்டத்தில் பூசாரிக்கு மேலே புருஷன், புருஷனுக்கு மேலே கங்காணி, கங்காணிக்கு மேலே துரை, துரைக்கு மேலே கொழுந்து. அத்தனை பேரையும் தாண்டிச் சாமி எப்போது இறங்கி வருவது, அவள் எப்போது ஏறிப் போவது?

பதுளையிலிருந்து ஓர் உபதேசியார் குடையும் பையுமாக வருவார். வேதக்காரர். ஒரு ஞாயிறு பீலிக்கரைக்கே வந்துவிட்டார். பெண்கள் மொத்தமாக அகப்படுகிற இடம் அதுதான். ஆண்டவர் ஆறு நாளில் உலகத்தை உண்டாக்கி ஏழாம் நாள் ஓய்ந்திருந்தார், அதனால் மனுஷனும் ஓய்ந்திருக்க வேண்டும், வேலைக்காரனும் வேலைக்காரியும் மாடும்கூட ஓய்ந்திருக்க வேண்டும் என்று நிதானமாகச் சொன்னார். அவள் துணியைக் கல்லில் அடிப்பதை நிறுத்தினாள்.

"ஐயா, ஒண்ணு கேக்கட்டுங்களா? அந்த ஏழாம் நாளு ஒங்க சாமிக்கு யாரு சோறாக்கிப் போட்டா?"

பீலிக்கரையே சிரித்தது. அவரும் சிரித்தார். "முந்தின நாளே ஆக்கி வச்சிக்கிடணும்மா" என்றார்.

"முந்தின நாளு நான் மலையில நின்னேனுங்களே."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு போனார். அவர் வேதம் வேறு, என் வழி வேறு. ஆனாலும் அந்த மனுஷர் மேல் எனக்கு மரியாதை உண்டு. மாட்டைச் சொன்னபோது வேலைக்காரியையும் சேர்த்துச் சொன்னாரே! எங்களவர்கள் எங்களை மாட்டோடுகூடச் சேர்த்து எண்ணியதில்லை.

இதற்கிடையில் குழந்தைக்கு இருமல் வந்தது. பெரிதாக ஒன்றுமில்லை, பனிக்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் வருகிற இருமல்தான். அவளுக்கு அப்படித் தோன்றுமா? குழந்தை இருமும்போதெல்லாம் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்ப்பாள். கொழுந்துக் கறை ஏறிக் கறுத்துப் போன கை.

"கேக்குதுக்கா. குடுத்த வாக்கக் கேக்குது."

"சாமிக்குத் தெரியாதாடி ஒன் கஷ்டம்?"

"தெரியும். தெரிஞ்சுதான மொதல்ல புள்ளையக் குடுத்திச்சு? வாங்கிக்கிட்டது நான்தானக்கா."

இந்தச் சமயத்தில்தான் கவ்வாத்துச் சாமி பூசை வந்தது. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டத் தொடங்குமுன் அந்த மலையிலேயே ஒரு மரத்தடியில் கல் நட்டுப் பூசை போடுவது எங்கள் வழக்கம். வெட்டுகிற ஆண்கள் கத்திகளைத் தீட்டிக் கழுவி, சாமிக்கு முன்னால் வாழையிலையில் வரிசையாக வைப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் மஞ்சள் பூசி, குங்குமப் பொட்டு வைத்து, பூ வைப்பார்கள். பொட்டு வைத்துவிட்டால் அது சாமியுடையது. மறுநாள் விடியும்வரை யாரும் தொடக்கூடாது. தொட்ட கத்தி செடியை விட்டுவிட்டு ஆளின் காலைத் தேடும் என்று நம்பிக்கை. கத்தியில்லாமல் ஆண்களுக்கு என்ன வேலை? வெற்றிலையும் கதையுமாக நிழலில் உட்கார்ந்திருப்பார்கள். அதை யாரும் சோம்பேறித்தனம் என்று சொன்னதில்லை.

அந்த வருஷப் பூசையைப் பெரிய கங்காணி ஞாயிற்றுக்கிழமையில் வைத்தார். துரையிடம் பேசிச் சம்மதம் வாங்கிவிட்டேன் என்று வேறு பெருமை. எங்களுடைய ஞாயிற்றுக்கிழமையை எங்களுக்குத் தருவதற்குத் துரையிடம் எதற்கய்யா சம்மதம்? யாரும் கேட்கவில்லை. நானும் மனதுக்குள்தான் கேட்டேன்.

அவளுக்கு மட்டும் அது நல்ல சேதியாகப் பட்டது. "அன்னிக்கிப் பெரட்டில்ல. ஆம்பளைங்களும் மலையிலதான். சாமியும் அங்கயே இருக்கு. குந்திற வேண்டியதுதான்க்கா" என்றாள். விடிந்ததும் குளித்து, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எனக்கு முன்னால் மலை ஏறினாள். கத்திகளுக்குப் பொட்டு வைத்து முடித்ததும் கல்லுக்கு முன்னால் விழுந்து கும்பிட்டுவிட்டு, காலை மடித்து உட்கார்ந்தாள்.

நாங்கள் அம்மிக் கல்லையும் குழவியையும் கீழேயிருந்து தூக்கி வந்திருந்தோம். படையல் சோறும் கோழிக் கறியும் அங்கேதான் ஆக வேண்டும். தண்ணீர் சுமப்பது, அரைப்பது, ஆக்குவது எல்லாம் எங்கள் பாடு. பெரிய கங்காணி சுற்றிப் பார்த்துக்கொண்டே வந்து அவளிடம் நின்றார்.

"ஏம்மா, குந்திட்ட? மசாலா யாரு அரைக்கிறது? கோழி தானா அரைச்சுப் பூசிக்கிருமா?"

நிழலில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"நேத்திங்கய்யா. புள்ளைக்கி நேந்தது. இன்னிக்கி ஒரு நாளு நான் கையால ஒண்ணும் தொடக்கூடாதுங்க."

"அட, பொம்பள ஆக்கிப் போடுறதே சாமி காரியந்தாம்மா. அதவிடப் பெரிய நேத்தி என்னா இருக்கு? எந்திரி, எந்திரி."

அப்போதுதான் அவள் இலையில் கிடந்த கத்திகளைக் காட்டி, நான் முதலில் சொன்னேனே, அந்தக் கேள்வியைக் கேட்டாள். சிரிப்பு நின்றுவிட்டது. பெரிய கங்காணி ஒரு நிமிஷம் மீசையைத் தடவினார்.

"கத்தி ஆயுதம்மா. தொழில் செய்யிற ஆயுதத்துக்குத்தான் ஓய்வு. ஒன் கொடத்துக்கும் அம்மிக்கும் யாரு பொட்டு வச்சா? போ, தண்ணி கொண்டா."

நிழலில் சிரிப்பு திரும்பவும் கிளம்பியது. அவளுடைய புருஷன் எழுந்து வந்து, "எந்திரி புள்ள. நாலு பேரு முன்னாடி மானத்த வாங்காத" என்றான், கெஞ்சுகிற மாதிரி.

அந்தக் கத்திகள் வருஷத்தில் சில வாரம் வெட்டுகின்றன, மிச்ச நாளெல்லாம் கூரை இறப்பில் செருகிக் கிடக்கின்றன. அதற்கு ஓய்வாம். குடமும் அம்மியும் ஒரு நாளாவது கிடந்ததுண்டா? அவற்றைத் தூக்குகிறவள்தான் கிடந்ததுண்டா? வாய்வரை வந்தது. அதற்குள் அவள் எழுந்துவிட்டாள்.

குழந்தையை என் கையில் கொடுத்தாள். தண்ணீர்க் குடத்தை நோக்கி நடந்தாள். "அப்படிப் போடு, நல்ல புள்ள" என்றார் பெரிய கங்காணி. நானும் அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

அவள் பீலிப் பாதையில் இறங்கவில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு நேரே சாமியிடம் வந்து, கத்திகளுக்குப் பக்கத்தில், அதே வாழையிலையில் வைத்தாள். திரும்பிப் போய் அம்மிக்குழவியை இரண்டு கையாலும் அணைத்து எடுத்து வந்து, குடத்துக்குப் பக்கத்தில் கிடத்தினாள். பூசைத் தட்டிலிருந்து மஞ்சளைத் தொட்டு இரண்டுக்கும் பூசினாள். குங்குமத்தை எடுத்துக் குடத்துக்கு ஒரு பொட்டு வைத்தாள், குழவிக்கு ஒரு பொட்டு வைத்தாள். பிறகு தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து, அவற்றுக்கும் கைக்கொரு பொட்டு வைத்துக்கொண்டு, கல்லுக்கு முன்னால் காலை மடித்து உட்கார்ந்து, கைகளை மடியில் மலர்த்தி வைத்தாள்.